ஸ்கூட்டர்பட்டியில் பேசிக்கொண்டது

அன்று காலை ஞானசுந்தரி மகளுக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். வலது சடை முடிந்துவிட்டது. இடது சடைக்கு ரிப்பன் வைக்கிற நேரம் பார்த்து முகில் தலையைத் திருப்பித் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். சுவர்த்திரையில் ஸ்கூட்டர்பட்டி என்ற பொம்மைப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"அசையாதடி. சடை மேல ஏறிப் போகுது பாரு."

"அம்மா, நான் கண்டக்டராம். நீங்க டிக்கெட்டே எடுக்கலையாம். செக்கர் வந்துட்டாராம்."

"வந்தா வரட்டும். நேரா உக்காரு மொதல்ல."

முகில் திரையில் நின்ற பொன்வண்டிடம் முறையிட்டாள். "மாசிலாமணி, இந்த அம்மா வித்தவுட்டாம்."

"அப்படியா சேதி?" என்று தபால் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டது பொன்வண்டு. "ஊர் பூரா சொல்லிரட்டுமா?"

"சொல்லுங்க."

"நல்ல பேரு வாங்கிக் குடுக்குறடி எனக்கு" என்றாள் சுந்தரி. இடது சடை கொஞ்சம் மேலே ஏறித்தான் நின்றது. பிரித்துப் பின்ன நேரமில்லை. கீழே ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நேராக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. அந்த வாரம் முடிவதற்குள் முகில் இல்லை.

ஸ்கூட்டர்பட்டி என்பது வேப்பமரத்தடியில் யாரோ விட்டுப்போன ஒரு பழைய ஸ்கூட்டர். அதில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வாசிகள் குடியிருந்தார்கள். கிழிந்த சீட்டுக்குள் பள்ளிக்கூடம். ஹெட்லைட்டுக்குள் பல்லி நடத்துகிற சினிமாக் கொட்டகை. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற கொசு ஒன்று டிக்கி மருத்துவமனையில் கம்பவுண்டர். ஹாரனுக்குள் குடியிருந்த சில்வண்டுக்குப் பாடவே வராது. ஆனாலும் ஊர்க் கச்சேரி எல்லாம் அதற்குத்தான். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வராத வண்டிகளுக்கு விசில் ஊதும் மரவட்டை கான்ஸ்டபிள். கண்ணாடியில் தெரிகிற தன்னையே எதிர்வீட்டுக்காரி என்று நினைத்துச் சண்டை போடும் குளவி. இத்தனை பேரையும் குழந்தைகள் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள்.

மற்ற பொம்மைப் படங்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இதற்குக் கதை எழுதுகிறவர்கள் கிடையாது. வாசிகள் தங்களுக்குள் பேசிப் பேசித் தாங்களே கதையை நகர்த்தினார்கள். படம் முடிந்ததும் யாராவது ஒரு வாசி திரைக்கு முன்னால் வந்து, அந்த வீட்டுக் குழந்தையோடு கொஞ்ச நேரம் பேசும். கேட்டதைப் போய் ஊரில் சொல்லும். அடுத்த நாள் அது வேறொரு வீட்டில் கதையாக வரும். தேனியில் ஒரு குழந்தைக்குப் பல் விழுந்தால் விருதுநகரில் இன்னொரு குழந்தைக்குத் தெரியும். பெற்றோர் சம்மதித்தால் பெயர் வரைக்கும் போகலாம். சுந்தரி சம்மதித்திருந்தாள்.

அவள் சிம்மக்கல் பக்கம் பாடநூல் அச்சிடும் ஒரு நிறுவனத்தில் பிழை திருத்துபவள். மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று, டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு சிறுமி தன் அம்மாவிடம் பேசிக்கொண்டு வந்தாள்.

"ம்மா, முகில் இப்ப கொடைக்கானல்ல இருக்காளாம். அங்க பஸ்ஸுக்குக் கண்டக்டராம். மேகம் ஏறுனா அரை டிக்கெட்டாம்."

"சரி சரி. கம்பியப் பிடி."

சுந்தரிக்குக் காது அடைத்துத் திறந்தது. குனிந்து கேட்டாள். "எந்த முகில் பாப்பா?"

"ஸ்கூட்டர்பட்டி முகில். மதுரப் பொண்ணு." இதுகூடத் தெரியாத ஆளைப் பார்க்கிற பரிதாபத்தோடு சிறுமி பார்த்தாள். "அவ ஊர்ல இல்ல. போயிட்டாளாம். திரும்ப வர்றப்ப எல்லாரையும் ஓசியில கூட்டிட்டுப் போவாளாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் பேசிக்கிறாங்க."

சுந்தரி வேலைக்குப் போகவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தல்லாகுளத்தில் அந்தப் படத்தைத் தயாரிக்கிற நிறுவனத்தின் மாடிக்கு ஏறினாள்.

அங்கே வாசிகளைக் கவனித்துக்கொள்கிற பெண்ணின் பெயர் பெனாசிர். சுந்தரி தன் பெயரைச் சொன்னதுமே அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "நாங்களே உங்களைத் தேடி வரணும்னு இருந்தோம்க்கா. எப்படி வர்றதுன்னு தெரியாம இருந்தோம்."

"என் பிள்ளையப் பத்தி யாரு இப்படிக் கதை கட்டுறது?"

"யாரும் கட்டலக்கா. தானா கட்டிக்கிருச்சு." பெனாசிர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள். "எங்க வாசி ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பெட்டி இருக்குன்னு வச்சுக்கங்க. ஒண்ணு தெரிஞ்ச பெட்டி. இன்னொண்ணு கேள்விப்பட்ட பெட்டி. 'மழை பெய்யுது'ன்னு சொன்னா தெரிஞ்சதுல விழும். 'மழை பெய்யுதாம்'னு சொன்னா கேள்விப்பட்டதுல விழும். வதந்தி உண்மையாயிரக் கூடாதுல்ல, அதுக்காக. மத்த மொழிக்காரங்க இதுக்கு ரொம்பத் தடுமாறுனாங்க. நமக்குத் தமிழே பிரிச்சுக் குடுத்துருச்சேன்னு நாங்க ஒரே பெருமைல இருந்தோம்."

"பிள்ளைங்க வெளையாடுறப்பவும் ஆம் போடுமே. நீ ராஜாவாம், நான் திருடனாம்னு."

"அதுவும் அதே பெட்டிலதான் விழுந்துச்சு. ரெண்டும் கதைதானேன்னு நாங்களும் விட்டுட்டோம்."

பெனாசிர் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"முகில் பேசுனது முக்காவாசி வெளையாட்டுதான்க்கா. நான் கண்டக்டராம், அம்மா வித்தவுட்டாம். எல்லாம் கேள்விப்பட்ட பெட்டில இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் மாசிலாமணி உங்க வீட்டுக்கு வந்துருக்காரு. 'முகில் எங்க'ன்னு கேட்டிருக்காரு. உங்க வீட்டுக்கார சார் சொல்லியிருக்காரு, 'போயிட்டாளாம்'னு."

"அவரா?"

"அவர் குரல்தான்க்கா. அந்த ஒரு வார்த்தைதான். அதுவும் அதே பெட்டில போய் உக்காந்துருச்சு. கண்டக்டராம், போயிட்டாளாம். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஊரே யோசிச்சிருக்கு. கண்டக்டர் போறதுன்னா எங்க போவாங்க? பஸ்லதானே. எந்த ஊருக்குன்னு ஆளுக்கொண்ணு சொல்ல ஆரம்பிச்சிருச்சுங்க. சில்வண்டு பாட்டே கட்டியிருச்சு. சீட்டுப் பள்ளிக்கூடத்துல அவளுக்குன்னு ஒரு எடம் விட்டு உக்காருதுங்க."

சுந்தரிக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. மேகத்துக்கு அரை டிக்கெட். அது முகில் சொல்லக்கூடியதுதான். "இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். "என் பிள்ளை அங்கயாவது பஸ்ல சுத்திட்டுப் போகட்டும். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"நானும் மொதல்ல அப்படித்தான்க்கா நெனச்சேன்." பெனாசிர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "திண்டுக்கல்ல ஜெபமலர்னு ஒரு பாப்பா. போன வாரம் வீட்டுல யாருக்கும் தெரியாம பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருச்சு. முகிலோட பஸ்ஸத் தேடி. ஒரு பஸ்ல ஏறியிருக்கு, கண்டக்டர் ஆம்பள. எறங்கி வேற பஸ். அதுலயும் ஆம்பள. அப்படி ஏறி ஏறி எறங்கி, பொழுது சாயற நேரத்துல பெரியகுளத்துல ஒரு டீக்கடைக்காரர் பிடிச்சு வச்சிருந்தாரு. நல்ல மனுசன் கையில மாட்டுச்சு. இன்னமும் தெனம் காலைல பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்குதாம். கதவைப் பூட்டித்தான் வச்சிருக்காங்க."

சுந்தரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமல் மூடினாள்.

"அழிச்சிற முடியாதா?"

"முடியும்க்கா. திங்கக்கிழமை அழிச்சிரணும்னுதான் மேல சொல்லியிருக்காங்க. ஆனா அழிச்சா மொத்தமா போயிரும். பஸ் மட்டும் இல்ல. முகில்னு ஒருத்தி மாசிலாமணியோட பேசினதே இல்லைன்னு ஆயிரும். பிள்ளைங்க கேட்டா, 'யாரு முகில்?'னு கேக்கும் அதுங்க. அந்தத் திண்டுக்கல் பாப்பாகிட்டயும் அப்படித்தான் கேக்கும்." மேசையிலிருந்து கண்ணை எடுத்தாள். "இன்னொரு வழி, வீட்டு ஆளுங்க யாராவது சொல்லணும். ஆம் போடாம. பாத்தவங்க சொல்ற மாதிரி. அப்பத்தான் அது தெரிஞ்ச பெட்டிக்குப் போகும். எங்க குரலை அதுங்க ஏத்துக்காது. அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கோம்."

"ஒரு வரி."

"ஒரே ஒரு வரிதான்க்கா. கட்டாயம் இல்ல. முடியலைன்னா திங்கக்கிழமை நாங்க பாத்துக்கிறோம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுந்தரி அந்த ஒரு வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளில் ஒருமுறைகூட அவள் அதைச் சொன்னதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தெரிந்துதான் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தம்பி போய்ச் சொன்னான். வேலை செய்யும் இடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. சொல்லாததால் அந்த வரி அவள் வாய்க்குள் புதிதாகவே இருந்தது.

கணவன் சேவுகப்பெருமாள் மின்வாரிய வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். முகில் போன பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள்ளப் பழகியிருந்தார்கள். சாப்பிட்டாச்சா, பால் வந்துச்சா, கரண்டு பில். அதற்கு மேல் இல்லை.

"மாசிலாமணிகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் சுந்தரி.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "யாரு, அந்த வண்டா?"

"போயிட்டாளாம்னு சொன்னீங்களாமே."

"கேட்டுச்சு. சொன்னேன்."

"ஊருக்குப் போயிட்டா மாதிரி. வெளையாட்டு மாதிரி. அதுங்க என் பிள்ளைய ஊர் ஊரா பஸ்ல அனுப்பிக்கிட்டு இருக்குதுங்க. ஒரு குழந்தை தொலைஞ்சு போகப் பாத்துச்சு. பொய் சொல்றதுன்னா முழுசா ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல."

"பொய் இல்ல சுந்தரி."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் நின்றாள்.

"ஆஸ்பத்திரில நான் ரத்தம் வாங்கக் கீழ போனேன்ல. வாங்கிட்டு மேல ஏறி வர்றேன். படியிலயே நர்ஸம்மா நின்னாங்க. 'பாப்பா போயிருச்சுங்க'ன்னாங்க. பையைக் கையில வச்சுக்கிட்டே உள்ள வந்தேன். எல்லாம் போத்தியிருந்துச்சு. நீ சுவத்தப் பாத்து உக்காந்திருந்த. நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கு வரைக்கும் சொல்லல. நான் எதையும் பாக்கல. எனக்குச் சொன்னதத்தான் அதுகிட்டச் சொன்னேன்."

சுந்தரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடமாக மற்றவர்கள் எழுதியதைத் திருத்தி வந்தவள் அவள். இவன் சொன்ன வார்த்தையில் திருத்த எதுவும் இல்லை. பார்க்காதவன் பார்க்காதவனாகப் பேசியிருக்கிறான். போயிட்டா என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது நர்ஸ் செய்த குற்றமும் இல்லை, இவன் செய்த குற்றமும் இல்லை. நேரில் பார்த்து அந்தச் சொல்லை வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். அவளோ அதை வைத்துக்கொண்டு மூன்று மாதமாகச் சும்மா இருந்துவிட்டாள்.

அவள் எழுந்து திரையைப் போட்டாள். எத்தனையோ நாளாக அணைந்து கிடந்த திரை. சேவுகப்பெருமாள் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். "இருங்க" என்றாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பொன்வண்டு மினுமினுவென்று வந்து நின்றது. "வாங்கக்கா. கண்ணுலயே காணோமே. சௌக்கியமா? முகில் கொடைக்கானலுக்கு மேல இன்னொரு மலைக்குப் போயிருக்காளாமே. அங்க ரோடே இல்லையாம்."

"மாசிலாமணி, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

"முகில் இறந்துட்டா."

பொன்வண்டின் உணர்கொம்புகள் அசையாமல் நின்றன. "இறந்துட்டாளாமா?"

"ஆம் இல்ல. இறந்துட்டா. பஸ்ல போகல. கொடைக்கானல்ல இல்ல. எங்கயும் இல்ல."

"நீங்களே பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன். கையைப் பிடிச்சிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

பொன்வண்டு தபால் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தது. அப்படிச் செய்யும்படி அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருப்பார்களா என்று சுந்தரிக்குத் தெரியவில்லை. "அவளுக்கு வலிச்சுச்சா?" என்று கேட்டது. குழந்தைகளோடே பேசிப் பழகிய ஒன்று அப்படித்தான் கேட்கும்.

"ரெண்டு நாள் வலிச்சுச்சு. கடைசி அன்னைக்கு வலி இல்ல. தூக்கம்தான் வந்துக்கிட்டே இருந்துச்சு."

"எதாச்சும் சொன்னாளா?"

கேட்டது பொன்வண்டு இல்லை. கதவுப் பக்கமிருந்து சேவுகப்பெருமாள். சுந்தரி திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி கேட்டா. ஸ்பூன்ல குடுத்தேன். ரெண்டு ஸ்பூன் குடிச்சா, மூணாவது கடைவாயில வழிஞ்சிருச்சு. தொடச்சேன். அப்பா எங்கன்னா. கீழ போயிருக்காரு, வந்துருவாருன்னேன். சரின்னா. அப்புறம் மூச்சு விட்டா. அப்புறம் நான் அடுத்த மூச்சுக்குப் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல."

"என்னையக் கேட்டாளா?"

"கேட்டா."

அவன் கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் பொன்வண்டு பையை எடுக்காமல் அப்படியே நின்றது. பிறகு யாரும் பேசாததால் மெல்ல மங்கி மறைந்தது.

மறுநாள் காலை சுந்தரி திரையைப் போட்டுப் பார்த்தாள். சீட்டுப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். கான்ஸ்டபிள் மரவட்டை விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னது: "முகில் இறந்துட்டாளாம்."

"இறந்துட்டாளாமா?" என்றது கம்பவுண்டர் கொசு.

"ஆமாம். இறந்துட்டாளாம்" என்றது குளவி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சுந்தரி போனை எடுத்தாள். பெனாசிரைக் கூப்பிட்டாள். "நான் ஆம் போடாமத்தான் சொன்னேன்ம்மா. அதுங்க மறுபடியும் ஆம் போடுதுங்க. மறுபடியும் கதையாக்கிருமா?"

"நானும் காலைல இருந்து அதத்தான் பாத்துட்டு இருக்கேன்க்கா. எதோ பழுதுன்னு உள்ள வரைக்கும் போய்ப் பாத்தேன். பழுது இல்ல." பெனாசிரின் குரலில் இரவு தூங்காத கரகரப்பு. "நீங்க சொன்னது மாசிலாமணிகிட்ட. அவர் தெரிஞ்ச பெட்டில பத்திரமா வச்சிருக்காரு. அவர் ஆம் போட மாட்டாரு. மத்த இருநூத்துச் சொச்சம் பேரும் அவர் சொல்லிக் கேட்டவங்கதானே. கேட்டவங்க ஆம் போட்டுத்தானே சொல்லணும்? நீங்க பிழை திருத்துறவங்க. நீங்களே சொல்லுங்கக்கா, இது பிழையா?"

சுந்தரி யோசித்தாள். துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் தங்கள் வீட்டில், தெருவில், பஸ்ஸில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சுந்தரியோட பொண்ணு இறந்துட்டாளாம். அதில் அவர்கள் யாரும் எதையும் குறைக்கவில்லை.

"பிழை இல்ல" என்றாள்.

"ஒரு வித்தியாசம் இருக்குக்கா. கொடைக்கானல் கதைய 'யாரு சொன்னா'ன்னு கேட்டா அதுங்களுக்குப் பதில் கிடையாது. பேசிக்கிறாங்கன்னு சொல்லும். இதக் கேட்டா, 'அவங்க அம்மா சொன்னாங்க'ன்னு சொல்லுதுங்க. நான் ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்துட்டேன்."

திங்கட்கிழமை எதையும் அழிக்கவில்லை. பஸ் கதைகள் ஒன்றிரண்டு கொஞ்ச நாள் அங்கங்கே உலவின. சில்வண்டு தன் பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் அதை இப்போது கச்சேரியில் பாடாமல் ஹாரனுக்குள்ளேயே பாடிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் விட்டிருந்த இடத்தில், சில நாள் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒரு கம்பளிப்பூச்சி உட்கார்ந்தது. இது யார் இடம் என்று அது கேட்டபோது பக்கத்தில் இருந்தவை சொல்லின. சுந்தரி அதைப் பார்த்தபோது சேவுகப்பெருமாளும் பக்கத்தில் இருந்தான்.

பெனாசிர் ஒரு நாள் கூப்பிட்டாள். திண்டுக்கல் பாப்பா ஒரு தடவை பேச வேண்டும் என்கிறதாம், அவங்க அம்மா ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்களாம். சுந்தரி சரி என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு அந்தக் குழந்தை பேசியது. பக்கத்தில் அம்மா, "ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு" என்று அடிக்குரலில் சொல்வது கேட்டது.

"வணக்கம் ஆன்ட்டி. நான் ஜெபமலர்."

"சொல்லு ஜெபா."

"முகில் இறந்துட்டாளாம்ல?"

"இறந்துட்டா" என்றாள் சுந்தரி. இந்த முறை அந்த வரி வாயில் தடுக்கவில்லை.

"மாசிலாமணியும் அப்படித்தான் சொன்னாரு. ஆம் போடல." குழந்தை மூச்சு வாங்கியது. "அப்ப பஸ் வராதா?"

"வராதும்மா. நீ பையை உள்ள வச்சிரு."

"நேத்தே வச்சிட்டேன்." ஏதோ தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. "அவளுக்கு எத்தன வயசு ஆன்ட்டி?"

"ஆறு."

"எனக்கும் ஆறுதான். அடுத்த மாசம் எனக்கு ஏழு ஆயிரும்."

"அப்படியா? நல்லா கேக் வெட்டு."

"அடுத்த மாசம் முகிலுக்கு?"

சேவுகப்பெருமாள் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடியில் இறக்கினான்.

"ஆறு" என்றாள் சுந்தரி.